லெச்சுமிக்கு ரெண்டு கை

பெப்ரவரி 9, திங்கள்

கோடைக்கென்று மாட்டுத் தீவனம் புளிக்க வைத்த சைலேஜ் பீப்பாயை இன்று திறந்தேன். முழுக்கப் பூஞ்சணம். மிளகுக் கொடி ஏறும் கிளிசிரிடியா மரங்களில் தழை வெட்டி, புல்லோடு நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடியவள் நான்.

"நீங்க தொறந்தீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு லெச்சுமிக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டேன். நல்ல நாளும் அதுவுமா வெறும் புல்லையா போடுறது? திரும்ப மூடித்தானே வச்சேன்."

மூடினாராம்! மூடியைச் சுற்றிய வளையத்தைக்கூட இறுக்கவில்லை. அன்று கொம்புக்கு மஞ்சள் பூசி, படம் பிடித்து, ஊருக்கெல்லாம் அனுப்பத் தெரிந்தது. இப்போது காட்டில் ஒரு பச்சை இல்லை.

சாயங்காலம் பீப்பாயை உருட்டினேன். சத்தம் கேட்டதும் லெச்சுமி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தினாள். அந்த ருசி அவளுக்கு மறக்கவில்லை. அவள் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டினேன்.