அப்பா பேசிய டிவிடி

அன்புள்ள பெரியவனுக்கு,

நானும் அப்பாவும் உன் தங்கையும் இங்கே சுகம். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல், கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக அதை விட்டுவிட முடியுமா. அப்பாவுக்குத் தொண்டைத் தையல் ஆறிவிட்டது, கரைத்துக் கொடுத்தால் சாப்பாடு இறங்குகிறது. பேச்சு இனி வராது என்று டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே சொன்னதுதான். எல்லாவற்றுக்கும் சிலேட்டுதான், என்னைத் திட்டுவதற்கும் அதேதான், எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறி அவரே அழித்துவிடுகிறார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவைப் பேசவிட்டு எடுத்து டிவிடியில் போட்டு அனுப்பும்மா, காலத்துக்கும் இருக்கும் என்று சொன்னது நீதான். மவுஸைத் தொட்டால் அம்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று ஓடுகிறவள் உனக்காகத்தான் கற்றுக்கொண்டேன். தெருமுனை ஸ்டுடியோக்காரர் வந்து அப்பா பேசியதை வீடியோ எடுத்து நம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, வீடியோவை இழுத்து திரையில தெரியுற டிவிடி படத்து மேல விடுங்க, வேகத்தைக் குறைச்சு வைங்க, பச்சைக் கோடு முழுசா ஓடி முடியுற வரைக்கும் எதையும் தொடாதீங்க என்றார். கோடு நின்றுவிட்டது என்று நினைத்து நான் பாதியில் கம்ப்யூட்டரையே அணைத்ததில் முதல் டிவிடி பாழாயிற்று, இப்போது அது தம்ளருக்கு அடியில் இருக்கிறது. பதிந்த பிறகு பேனாவை அழுத்தினால் அப்பாவின் குரல் நசுங்கிவிடுமோ என்று பயந்து, உனக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு காலி டிவிடியிலும் முன்கூட்டியே ‘அப்பா பேசியது’ என்று எழுதிவைத்தேன். ஸ்டுடியோக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் நீ போன் பண்ணினாயே, பார்த்தேம்மா, ரெண்டு பேரும் உக்காந்து பார்த்தோம், அப்பா என்னமா பேசியிருக்காரு, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு என்றாய். பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பா, நான் கேட்டதுக்கு என்ன சொல்றான் என்று எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார். நானும் கேட்டேன். அதெல்லாம் சாவகாசமாப் பேசலாம்மா என்று வைத்துவிட்டாய். நீ பார்த்துவிட்டாய் என்ற சந்தோஷத்தில் அவர் அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் வீட்டுக்கான டிவிடியைப் பதியலாம் என்று உட்கார்ந்தேன். மேசைமேல் வைத்திருந்த காலி டிவிடியைக் காணவில்லை. கம்ப்யூட்டரின் தட்டைத் திறந்தால் உள்ளே ஒன்று இருந்தது. ஓடவிட்டேன், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில், பதிந்ததைத் தட்டிலேயே விட்டுவிட்டு, மேசைமேல் இருந்த காலியை உனக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டிலும் ஒரே எழுத்துதானே.

தப்பு என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில ஒண்ணுமே இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தலையில் நானே குட்டிக்கொண்டு அன்றைக்கே வேறு அனுப்பியிருப்பேன். ஒன்றுமே இல்லாததைப் பார்த்து உனக்குக் கண் வேறு கலங்கியதா. கவரையாவது பிரித்தாயா. மருமகளையும் உன் பொய்க்குச் சாட்சியாக இழுத்துவிட்டாய். என் காதில் பூ சுற்றினால் பொறுத்துக்கொள்வேன், சின்ன வயதிலிருந்து நீ சுற்றிய பூ கொஞ்சமா. வாய்விட்டு உன்னை ஒரு வார்த்தை கேட்க முடியாத மனிதரை ஏமாற்றிவிட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இனி நீ சாப்பிட்டேம்மா என்று சொன்னால்கூட, நிஜமாகவே சாப்பிட்டானா என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. போன் மணி அடித்தால் உடனே சிலேட்டைத் தேடுகிறார். இந்தக் கவரில் அவர் பேசிய டிவிடியே இருக்கிறது, ஸ்டுடியோவிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கிறார். என்ன கேட்டார் என்று நான் எழுத மாட்டேன், தங்கையிடம் விசாரித்துச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதே, அவளுக்குத் தெரியாது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். பனியில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அடுத்த தடவை போன் பண்ணும்போது பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம், நேராக அப்பா காதில் சொல். நீ டிவிடியைப் பார்த்தாயா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன்.

உன் அம்மா