டெல்லிக்கு ஓர் உதாரணம்

பிப்ரவரி 9
பஞ்சாபகேசன் சார் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பல்கலைக்கழகக் காப்புரிமைப் பிரிவின் தலைவர். சில பல்கலைக்கழகத்தார் சேர்ந்து டெல்லியில் எம்பிக்கள் குழுவைப் பார்க்கப் போகிறார்களாம். ஆராய்ச்சிக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி குறைய வேண்டும்; கண்டுபிடிப்பைப் பொதுவில் காட்டிவிட்டாலும் ஓராண்டுக்குள் காப்புரிமை கேட்கலாம் என்று சட்டம் மாற வேண்டும். "நீயும் வரணும், பத்மஜா."

இத்தனை பேராசிரியர்கள் இருக்க என்னை எதற்கு?

பிப்ரவரி 10
வீட்டில் வெங்கிடேஷ் சிரித்தார். "டெல்லிக்கு ஓசியில கூட்டிண்டு போறா, அதுக்கும் சந்தேகமா?" இவருக்கு எல்லாரும் நல்லவர்கள்.

பிப்ரவரி 20
என் பேச்சை சாரே எழுதி அனுப்பியிருக்கிறார். 'கண்காட்சியில் காட்டியதால் கண்டுபிடிப்பை இழந்த இளம் விஞ்ஞானி' — நானாம். யார் இழந்தது? தேங்காயெண்ணெயில் கலப்படம் இருந்தால் நிறம் மாறும் என் சோதனைச் சீட்டைப் போன வருஷம் கண்காட்சியில் வைத்தது நிஜம். ஆனால் அதற்கு முந்தின நாளே காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டாயிற்றே. ஓராண்டுக்குள், அதாவது மார்ச் 14க்குள், முழு விண்ணப்பம் போட்டால் போதும். போடாவிட்டால் அத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

ஃபோனில் கேட்டேன். "அது ஒரு பேச்சுக்குத்தான். அடுத்த வாரம் போட்டுடலாம், கேட்டியோ."

மார்ச் 2
போடவில்லை.

மார்ச் 6
சாரின் உதவியாளர் ஷாஜியை கான்டீனில் பிடித்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சேச்சி, எல்லாம் ரெடி. சார்தான் மாத்தி வைக்கச் சொன்னார். டெல்லி கழிஞ்சு பாக்கலாமாம்."

டெல்லியிலிருந்து திரும்புவதே பதினைந்தாம் தேதி.

பாவி மனுஷன். எனக்குக் காப்புரிமை கிடைத்தால் அவருக்கு உதாரணம் போய்விடும், அதானே? இல்லை, நான்தான் கோணலாப் பாக்கறேனா? கோரிக்கை என்னவோ நியாயமானதுதான். அதுதான் வயிற்றெரிச்சல். துணைவேந்தரிடம் போகலாமென்றால், அவரும் டெல்லி போகிற இதே கூட்டத்தில். சார் கையெழுத்தில்லாமல் எதுவும் நகராது.

மார்ச் 12, டெல்லி
எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன். குரல் நடுங்கியது, துக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெண் எம்பி பரிவாகக் கேட்டார், எப்போது இழந்தீர்கள் என்று.

"இன்னும் இல்லை, மேடம். நாளை மறுநாள்."

யாருக்கும் புரியவில்லை. விளக்கினேன். யார் போட வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தவரைக் காட்டினேன். சார் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 13
ஷாஜியின் மெசேஜ்: விண்ணப்பம் போயாச்சு. காலைச் சாப்பாட்டில் சார் என் பக்கமே திரும்பவில்லை.

ஏப்ரல் 21
பக்கத்து லேப் திவ்யலட்சுமி சந்தோஷமாக வந்தாள். அவள் செய்த குடிநீர் வடிகட்டியை அடுத்த வாரக் கண்காட்சியில் வைக்கச் சொல்லி பஞ்சாபகேசன் சாரே கேட்டாராம்.

"விண்ணப்பம்?"

"அது பின்னே போட்டா மதி, போதும்னார், அக்கா."

பொருளை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய் சாரின் அறை வாசலில் உட்கார்ந்தேன்.