எனக்குக் கேட்காத பதில்

காலையில் வர்ண டப்பாவைத் திறந்ததும் டர்பன்டைன் வாசம் குப்பென்று ஏறியது. பக்கத்தில் நீ இருப்பதுபோல் திரும்பிப் பார்த்துவிட்டேன். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரையும் வேலையில் எத்தனை வருஷம் அருகருகே உட்கார்ந்திருந்தோம்! என்னைவிட உன் கை வேகம். அதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதில்லை. நீ ஜெபித்தால் ஆண்டவர் பதில் சொல்கிறார் என்பதுதான் என்னை எரித்தது.

மகளை நர்சிங் படிக்க வெளியூர் அனுப்பலாமா என்று நான் முழங்காலில் நின்று கேட்டால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். நீயோ சபையில் எழுந்து, "கேட்டேன், வழி காட்டினாரு" என்று சாதாரணமாகச் சாட்சி சொல்வாய். ஒரே ஆலயம், ஒரே பாய். எனக்கு மட்டும் ஏன் இல்லை?

உன் கணவர் விபத்தில் போன பிறகுதான் வேப்பூரில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது தெரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெண்ணும் காய்ச்சலில் இறந்துபோக, நாலைந்து வயதுப் பெண் குழந்தை தனியே நின்றது. "அவன் பண்ணதுக்கு நீ ஏன் சொமக்கணும்?" என்று உன் அண்ணன் கத்தினார். நீ உபவாசம் இருந்தாய். பிறகு போய்க் கூட்டிவந்துவிட்டாய். அவளை வாசலில் இறக்கியபோது உன் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

நோய் முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டேவிட்டேன். "அன்னிக்கு ஆண்டவரு உங்கிட்ட என்னடி சொன்னாரு?"

நீ சிரித்தாய். "ஒண்ணும் சொல்லலக்கா. எனக்கு எப்பவும் கொரலு கேட்டதில்ல. வேணாம்னா தடுத்துடுங்க ஆண்டவரேன்னு கேட்டுகிட்டேதான் பஸ்ஸுல போனேன். ஒரே பயம். அந்தப் புள்ள வந்து என் முந்தானைய புடிச்சுகிச்சு. அப்புறம் எப்படி வுட்டுட்டு வர்றது?"

"வழி காட்டினாருன்னு சாட்சி சொன்னியே?"

"போறப்ப தெரியலக்கா. வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

பிறகு என் கையைப் பிடித்தாய். "எனக்கப்புறம் அவள நீங்க வெச்சுக்கறீங்களா? ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுங்க."

ஜெபித்தேன். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வூட்டுல எடமா இல்ல?" என்றார். பாஸ்டர், "அன்பு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாருங்கம்மா" என்றார். மேலேயிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. பயம் போகாமலேதான் உன்னிடம் சரி என்றேன்.

இப்போது அவள் என்னோடு இருக்கிறாள். நான் பெரியம்மா, அம்மா என்றால் நீதான். நேற்று சாயங்கால ஜெபத்தில், "எங்கம்மாவ நல்லா பாத்துக்கோங்க ஆண்டவரே" என்று முதலில் உன்னைச் சொன்னாள். என் பெயர் கோழிக்குஞ்சுகளுக்கும் பிறகு, கடைசியில் வந்தது. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளைவிடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.