மணி கேட்டுத் திரும்பிய வள்ளங்கள்

இன்று காலை மீன்காரர் என்னைக் கேளாமலே ஒரு பாரை மீனைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்படிவரை நடந்து வந்துவிட்டார். வெள்ளவத்தையில் எங்களுக்கு இருபது வருடமாக மீன் தருகிறவர், அந்த உரிமை அவருக்கு உண்டு. அவர் போன பிறகு பார்த்தால், உப்புத் தண்ணீர் சொட்டிய காலடிகள் விறாந்தையிலிருந்து குசினிவரை. மருமகள் முணுமுணுத்துக்கொண்டு துடைக்கத் துணி எடுக்கப் போனாள். நான் அந்த ஈரத்தைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டு நின்றேன். உன் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது.

நீ இருந்திருந்தால் அப்போதே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறியிருப்பேன். நீ போய் ஒரு வருடமாகிறது. ஆகையால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருடம் அது. நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுவதும் மூட்டை கட்டியது. எங்கள் வீட்டாருக்கு யாழ்ப்பாண ரயிலில் கால் வைக்கவும் இடம் கிடைக்கவில்லை. "எங்களோட வாங்கோ, இருக்கிறதைப் பகிர்ந்து சாப்பிடுவம்" என்று உன் அப்பா எங்களையும் லொறியில் ஏற்றினார். நீர்கொழும்புப் பக்கத்துக் கரையோரக் கிராமம். தென்னை, மணல், கடலைப் பார்த்தபடி, கூரையில் சிலுவையோடு ஒரு சின்ன வெள்ளைக் கோயில். அதன் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக்கொண்டோம்.

அந்த ஊரில் ஆஸ்பத்திரி இல்லை, பொலிஸ் இல்லை, அரசாங்கக் கந்தோர் என்று ஒன்றும் இல்லை. எல்லாம் கோயில்தான். பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான், காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதும் அங்கேதான். வலைச் சண்டையை மூப்பர் அந்த வாசலில் வைத்தே தீர்ப்பார். கோயில் காரியங்களைப் பார்க்கும் அந்தப் பெரிய மனிதர் தானும் வள்ளம் ஓட்டுகிறவர். கரைக்கு வரும் ஒவ்வொரு வள்ளத்திலும் மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு. அது விதவைகளின் சட்டிக்கும் நோயாளிகளின் சட்டிக்கும் போகும். நாம் போன நாளிலிருந்து நம் சட்டிக்கும் வந்தது. நான் வெள்ளிக்கிழமை மீன் தொடாத சைவப் பிள்ளை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த வெள்ளி மூப்பரின் மனைவி பலாக்காயோடு வந்து நின்றாள். நீ என் காதில், "இனி உனக்கும் ஒரு பங்கடி" என்றாய்.

உன் கல்யாணம் உயிர்த்த ஞாயிறு பாஸ்குவுக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் நடப்பதாக இருந்தது. உன் அப்பா அதை வருடக்கணக்காக மனதில் நடத்திப் பார்த்தவர். பேண்ட் வாத்தியம், வாசலில் வளைவு, பெரிய கோயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். இப்போது சொந்தக்காரர் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வந்தது, உடனே போகவேண்டும். துறைமுக வேலை, யுத்த காலம். போனால் எப்போது வருவார், வருவாரா என்று யாருக்குத் தெரியும்? நீ பகலில் ஒன்றும் பேசமாட்டாய். கிணற்றடியில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நடக்காட்டி நடக்காதடி" என்பாய். எனக்கும் அதே பயம். உன்னிடம் சொல்லவில்லை.

கடைசியில் அந்தச் சின்னக் கோயிலிலேயே நடத்துவதென்று முடிவானது. நாலு ஊர்க் கோயில்களைச் சுற்றிவந்து பூசை வைக்கும் சுவாமிக்கு அந்த வியாழக்கிழமை காலை மட்டும்தான் தோது. கடலும் பார்த்திருந்ததுபோல அன்றைக்குத்தான் அடங்கியது. பல நாள் அடுப்பு சரியாக எரியாத ஊர், விடிய முன்னமே எல்லா ஆண்களும் வள்ளம் தள்ளிவிட்டார்கள். கோயிலில் பார்த்தால் சில கிழவிகள், பிள்ளைகள், நாம், மாப்பிள்ளையும் அவருடைய தோழனும். உட்காரும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

உன் அப்பா கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆளில்லாத கோயிலுக்குள்ள என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன். யுத்தம் முடியட்டும்."

சுவாமி சொல்லிப் பார்த்தார், மாப்பிள்ளை கெஞ்சினார், அவர் அசையவில்லை. நீ வெள்ளைச் சேலையில் தென்னைமரத்தடியில் நின்றாய். அழவும் இல்லை, அதுதான் என்னை உலுக்கியது.

உன் மாமியை மறக்கமுடியுமா? அப்பாவின் அக்கா, தம்பிக்கு அடங்கின ஆளில்லை. "மணி அடிக்காம படியில குந்தியிருந்தா சனம் எப்படி வரும்? கொட்டாஞ்சேனையில கல்யாணப் பொம்பிளை வாசலுக்கு வந்தா மணி அடிப்பாங்களா இல்லையா?" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணிக் கயிற்றடிக்குப் போனாள். அந்தப் பெரிய உடம்பு கயிற்றைப் பிடித்துத் தொங்கியது. மணி அடித்தது, நிற்காமல் அடித்தது. கிழவிகள் "ஐயோ, வேணாம் வேணாம்" என்று கையை ஆட்டினார்கள். மாமி அதை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கி இழுத்தாள்.

அந்த ஊரில் கல்யாணத்துக்கு வெடிதான், மணி இல்லை. செப நேரம் தவிர்ந்த வேளையில் விடாமல் மணி அடித்தால் அதற்கு ஒரே பொருள்: ஆபத்து, போட்டதைப் போட்டபடி விட்டுக் கரைக்கு வா. கடலில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்ற வள்ளப் பாய்கள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பின.

முதலில் ஓடி வந்தவர் மூப்பர். இடுப்புச் சாரத்தில் தண்ணீர் சொட்ட, மூச்சு வாங்க, "என்ன நடந்தது? ஆருக்கு என்ன?" என்றார். பின்னால் ஊர் ஆண்கள் எல்லாரும், சிலர் கையில் துடுப்போடு. மாமி கயிற்றை விடாமல் விழித்தாள்.

"ஒண்டுமில்ல அண்ணே... கல்யாணம்."

பல நாளைக்குப் பிறகு கிடைத்த கடல், அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். மூப்பர் மாமியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், படியில் இருந்த உன் அப்பாவைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்க ஊரே சிரித்தது.

"கோயில் கூப்பிட்டது, வந்திட்டம். ஐயா, எழும்புங்க. ஆள் காணுமா, இன்னும் வேணுமா?"

உன் அப்பா எழும்பினார். கண்ணைத் துடைக்கவும் மறந்து உன் கையைப் பிடித்தார். உள்ளே வாங்குகள் நிறைந்து, சுவரோரம் நிறைந்து, வாசலிலும் ஆட்கள். மீன் வாசம் சாம்பிராணியை வென்றுவிட்டது. தரை முழுக்க ஈரக் காலடிகள். மூப்பரின் மனைவி உன் சேலைக்குப் பயந்து துணியோடு ஓடிவந்தாள். நீ அவளைத் தடுத்தாய். "விடுங்கோ அக்கா, காயட்டும்." சேலைக் கரை நனைய நனைய நடந்தாய். நெற்றியில் திருநீற்றோடு பின்னால் வந்த நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் அறியவில்லை.

அன்றைக்குக் கிடைத்த கொஞ்ச மீனும் கோயில் பங்காகி ஒரே அண்டாவில் கொதித்தது. பேண்ட் வாத்தியத்துக்குக் கனாக் கண்ட உன் அப்பா துடுப்பைத் தட்டிய தாளத்துக்குக் கைதட்டினார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தார், நீங்கள் நாற்பது வருடம் வாழ்ந்தீர்கள். எந்த வீட்டு விசேஷத்திலும் கூட்டம் குறைந்தால் நீ என் பக்கம் சாய்ந்து, "மணியை அடிப்பமா?" என்பாய். உன் செத்தவீட்டில் உன் மகளுக்கு இதைச் சொன்னேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இருவரும் சிரித்தோம். நீ கோபித்திருக்கமாட்டாய்.

இன்று காலை மருமகள் துணியோடு வந்து அந்த ஈரத்தைத் துடைக்கக் குனிந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு பிள்ளை, காயட்டும்."