வசனத்துக்கு ஒரு பஸ்கி

1933 ஜனவரி 2, திங்கள்

வயிறு முன்னே போகிறது, நான் பின்னே போகிறேன். பாடம் நடத்தும்போது வகுப்பில் பையன்கள் சிரிப்பது என் காதில் விழாமல் இல்லை. தினமும் பஸ்கி எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உட்கார், எழு, உட்கார், எழு. காதைப் பிடிக்காத குறைதான். காலை ஜெபத்தோடு சேர்த்துவிட்டேன். பைபிளிலிருந்து நாளுக்கு ஒரு சங்கீதம், வசனத்துக்கு ஒரு பஸ்கி. முதல் சங்கீதத்தில் ஆறே வசனம். அதற்கே முழங்கால் அழுதது.

"பாடுததா, ஆடுததா? ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்று சிரித்தாள் என் மனைவி பரிபூரணம்.

பிப்ரவரி 14

வேட்டியை இரண்டு விரற்கடை உள்ளே இழுத்துக் கட்டுகிறேன்!

மார்ச் 20

சங்கீதம் 78. எழுபத்திரண்டு வசனம். அறுபதாவதில் சபை உபதேசியார் ஏசுவடியான் வந்து கதவைத் தட்டினார். பேசி அனுப்பிவிட்டு, விட்ட இடத்தில் தொடர மனம் ஒப்பவில்லை. முதலிலிருந்து எடுத்தேன். நடுவில் முறிந்தால் அந்த நாளே கெட்டுப்போகிறது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். சங்கீதம் படித்த வாயால்!

ஏப்ரல் 28

சங்கீதம் 117. இரண்டே வசனம். நாளெல்லாம் கால் பரபரத்தது. பரிபூரணத்துக்கு மாதம் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் பிள்ளை. பழைய சேலையைத் துவைத்துத் தொட்டிலுக்கு மடித்து வைத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன். 119. நூற்றெழுபத்தாறு வசனம்.

ஏப்ரல் 30, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் தொடங்கினேன். நூற்று நாற்பதில் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "இஞ்சேருங்க, வலி கண்டுட்டு. தங்கபாயக்காவக் கூட்டியாங்க."

நர்ஸ் வீடு தெருக்கோடியில்தான். வாயில் வசனம் இருந்ததால் கையை மட்டும் காட்டினேன். இன்னும் முப்பத்தாறுதானே. மறுபடியும் கூப்பிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம்! எண்ணிக்கை தவறிவிட்டதாம். முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஐயோ, ஆரம்பித்தேனே. அவள் சத்தம் கேட்காதபடி என் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேனே.

அலறல் கேட்டு எதிர்வீட்டு மாரியாத்தாள்தான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தாள். இருவரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

"கொடி களுத்தச் சுத்திக் கெடந்துது, வாத்தியாரையா. அரை மணி முந்திக் கூப்புட்டிருந்தா உசுரோட எடுத்திருப்பேன்" என்றாள் தங்கபாய்.

ஆண் பிள்ளை.

பரிபூரணம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் மனுஷன்தானா?

மே 1

அடக்கம் முடிந்தது. பரிபூரணத்தின் தம்பி ஐயாதுரை ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தான். குழியருகே பாதிரியார் தொண்ணூறாம் சங்கீதம் வாசித்தார். அழுவதற்குத்தான் நின்றேன். முதல் வசனம் முடிந்தது, முழங்கால் மடங்கியது. எழுந்தேன். இரண்டாவது முடிந்ததும் மறுபடி மடங்கியது.

ஐயாதுரை என் தோளை இறுக அணைத்துக்கொண்டான். "அத்தான், மனசத் தேத்துங்க. அழுதிருங்க."

பெற்றவன் துக்கம் தாங்காமல் தள்ளாடுகிறான் என்று சனங்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பதினேழு வசனம். பதினேழும் எடுத்தேன்.