இரவல் நாக்கு

பிப்ரவரி 4

அன்புள்ள அழுத்தக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடியறை கொடுத்திருக்கிறார்கள். கட்டில், மேஜை, ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பஸ்கள் வரிசையாக மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இத்தனை வருடம் வாளியும் துடைப்பமுமாக உள்ளே புகுந்து கழுவிய பஸ்ஸை இனி நானே ஓட்டப்போகிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பயிற்சி கொடுக்கிறவர் முதல் நாள் என்னைப் பார்த்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார். "எனக்கு இல்ல. உங்களுக்கு இருக்கா?" என்றேன். மனிதர் உடனே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் போன் செய்தபோது நான் ஸ்டியரிங்கில் உட்காரப் போகிற நேரம். என்னமோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தால், "இந்தா, இவர்கிட்ட சொல்லு" என்று குழாய் ரிப்பேர்காரர் கையில் போனைக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு முந்தின நாள் முடிவெட்டுகிறவர். பின்பக்கம் கொஞ்சம் குறைக்கச் சொல்வதற்கு ஒரு பெண்டாட்டி வேண்டுமா?

அதனால் இனி போன் கிடையாது, கடிதம்தான். கடிதத்தை யார் கையிலும் கொடுத்து "இவர்கிட்ட சொல்லு" என்று சொல்ல முடியாதில்லையா? உயிர் போகிற அவசரம் என்றால் டிப்போவுக்குப் பேசுங்கள். அங்கே போனை எடுப்பவருக்கு நம் பாஷை தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் பயிற்சி முடியும். இங்கேயே வேலை பார்க்கிறாயா, பழைய டிப்போவுக்கே திரும்புகிறாயா என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வேன் என்பது உங்கள் கையில் இருக்கிறது. நம் தெருமுனை நூலகத்தில் சாயங்காலம் இந்த நாட்டுப் பாஷை சொல்லித்தருகிறார்கள், காசு கிடையாது. போய்ச் சேருங்கள். உங்களுக்குப் பெண்டாட்டியாகத் திரும்பி வருவேன். நாக்காகத் திரும்பி வரமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
வாயாடி

பிப்ரவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

குழாய் இன்னும் ஒழுகுகிறது. அந்த ஆள் வந்தான், நான் கையைக் காட்டினேன், அவனும் கையைக் காட்டினான், போய்விட்டான். சந்தோஷமா உனக்கு?

நான் கேட்கிறேன், பதினோரு வருடமாக இந்த ஊரில் தரை போடுகிறேனே, ஒருத்தராவது என் டைல்ஸ் பேசவில்லை என்று குறை சொன்னார்களா? ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் வேலை சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்கு எந்தப் பாஷை? வரியைக் கட்டுகிறேன், சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன், யார் வம்புக்கும் போவதில்லை. அப்புறம் நான் எதைக் கற்றால் என்ன, கற்காவிட்டால் என்ன? அன்றைக்குப் பஸ்ஸில் ஒருத்தன் யாரோ ஒருத்தரைப் பார்த்து, "எங்க பாஷை வராதுன்னா எதுக்கு வந்தீங்க" என்று கத்தினான் என்று நீதானே சொன்னாய். அவன் அதட்டினான் என்பதற்காக ஐம்பது வயதில் நான் போய் பெஞ்சில் உட்காரணுமா? நம் சொந்த ஊருக்கு வேலைக்கு வந்தவர்களிடம் நாம் இப்படிக் கேட்டோமா?

பாஷை இல்லாமல் பழக முடியாது என்பதெல்லாம் சும்மா. கீழ்வீட்டுக்காரரைப் பார். தினமும் காலையில் படிக்கட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். நானும் கும்பிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறேன். எங்களுக்குள் என்ன குறைந்துவிட்டது?

போனை எடு. ஒரு தடவை எடு.

இப்படிக்கு,
நீயே வைத்த பெயரில்,
அழுத்தக்காரன்

பிப்ரவரி 20

அன்புள்ள அழுத்தக்காரருக்கு,

போனை எடுக்கமாட்டேன்.

நாம் கேட்டோமா என்கிறீர்கள். ஏன் கேட்கவில்லை? உங்கள் அண்ணன் வீடு கட்டியபோது எங்கிருந்தோ வந்த வேலைக்காரர்கள் கலவை குழைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? "இவனுங்களுக்கு ஒரு எழவும் மண்டையில ஏறாது" என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரித்தார் உங்கள் அண்ணன். புரியாமல் அவர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். நீங்களும் நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

பஸ்ஸில் கத்தினவன் பக்கம் நான் இல்லை. பாஷை தெரியாதவனுக்கு மரியாதை கிடையாது என்று சொல்ல இவன் யார்? உங்களை வேலைக்குக் கூப்பிட்டபோது பரீட்சையா வைத்தார்கள்? கைதானே வேண்டும் என்றார்கள்! அவனுக்காக நீங்கள் ஒரு எழுத்துகூடக் கற்க வேண்டாம். நான் கேட்பது எனக்காக.

போன வருடம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததே. மயக்கம் அரைகுறையாகத் தெளிகிறபோது நர்ஸ் என் தோளைத் தட்டித் தட்டி எழுப்பினாள். என்னமோ என்று கண்ணைத் திறந்தால், பக்கத்தில் நீங்கள் முகம் வெளுத்துப்போய் நிற்கிறீர்கள். பாவம், ஒரு மணிநேரமாக அவள் சொன்னது எதுவும் உங்களுக்குப் புரியவில்லை. "இவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள் என்னிடம். வாய் குழறக் குழற, "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதாம், பயப்பட ஒண்ணுமில்லையாம், நாளன்னைக்கு வீட்டுக்குப் போகலாமாம்" என்று உங்களுக்குச் சொன்னது யார்? நோயாளி. நீங்களும் "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. பயம்தான் வந்தது. நான் கண்ணைத் திறக்காமலே போயிருந்தால் இந்த மனிதரிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று. நமக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அதைத்தான் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் இழுத்துக்கொண்டு அலைந்திருப்பீர்கள். இல்லாததால் நான் அகப்பட்டேன். எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு உடம்புக்கு வந்தால் நான் சும்மா படுத்திருக்க வேண்டும், நீங்கள் பேச வேண்டும். இந்த ஆசை தப்பா?

உங்கள்,
வாயாடி

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையில் கை ஓடவில்லை. அன்றைக்கு உன்னைப் பேச வைத்தது எனக்கு உறுத்தவே இல்லை பார், அதுதான் இப்போது உறுத்துகிறது. வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

சிரிக்காதே. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. டைல்ஸ் போட்டுத் தேய்ந்த முட்டி மேஜையில் இடிக்கிறது. டீச்சருக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது, என்னை விடுவேனா என்கிறாள். முதல் நாள் ஒவ்வொருத்தராக எழுந்து குடும்பத்தைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னாள். என் முறை வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் "என் மனைவி பஸ் ஓட்டுகிறாள்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே கைதட்டியது. உனக்குத் தட்டினார்களா எனக்குத் தட்டினார்களா, தெரியவில்லை. நான் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பக்கத்து இடத்தில் ஒரு தையற்காரம்மா, வேறு ஏதோ நாடு. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. இந்த ஊர்க்காரர்களின் பாஷையை இரண்டு பேரும் கொத்திக் குதறி, அவர் வீட்டுக்காரருக்கு முதுகுவலி என்பதையும் எனக்கு முட்டிவலி என்பதையும் பேசிக்கொண்டோம். இந்தப் பாஷை இவர்களோடு பேச மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

குழாய்க்காரன் திரும்பி வந்தான். நானே பேசினேன். ஒழுகல் நின்றுவிட்டது.

இப்படிக்கு,
பெஞ்சு மாணவன்

மார்ச் 15

அன்புள்ள பெஞ்சு மாணவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டிவிட்டாள். கைதட்டல் எனக்குத்தான், கனவு காணாதீர்கள்.

நேற்று முதன்முதலாக நிஜப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். சந்தை நிறுத்தத்தில் ஒரு கிழவர் ஏறி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்பளையா!" என்றார். "ஆமா, உட்காருங்க, பிரேக் போடப்போறேன்" என்றேன். உடனே உட்கார்ந்துவிட்டார்.

டிப்போவில் கேட்டால் திரும்பிப் போகிறேன் என்றே சொல்லிவிடுகிறேன். முட்டிக்குத் தைலம் தேயுங்கள்.

உங்கள்,
வாயாடி

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

இன்று காலையில் படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் வழக்கம்போல அந்த வார்த்தையைச் சொன்னார். வழக்கம்போல நானும் கும்பிட்டுச் சிரித்தேன். நாலு படி இறங்கின பிறகு எனக்கு அது புரிந்துவிட்டது.

"இன்னும் உங்க ஊருக்குத் தொலையலையா?"

இதைத்தான் தினமும் சொல்லியிருக்கிறார். நீ என்ன சொன்னாய் எனக்கு? "படி வழுக்குமாம், பார்த்துப் போகச் சொல்றார்." நல்ல மனுஷன் என்று நானும் நம்பி, அவர் வீட்டு வாசலில் பெயர்ந்துகிடந்த டைல்ஸைக் காசு வாங்காமல் ஒட்டிக் கொடுத்தேன். என்னை இப்படிக் கோமாளி ஆக்கலாமா? பாஷை தெரியாமல் நான் நிம்மதியாக இருந்தேன். கற்றுக்கொள் கற்றுக்கொள் என்று ஊரே சொல்கிறதே, கற்றுக்கொண்டால் முதலில் காதில் விழுவது இதுதானா?

வகுப்புக்குப் போகவில்லை. ரொட்டிக் கடையில் அந்தப் பெண் என்னைப் பார்த்து முணுமுணுப்பாளே, நீ "விலை ஏறிடுச்சாம்" என்று சொல்வாயே, அது என்ன? பழைய வீட்டுக்காரர் நம்மைக் காலி செய்யச் சொன்னபோது நிஜமாகவே அவர் மகன் வருகிறான் என்றுதான் சொன்னாரா? இன்னும் என்னென்ன மறைத்தாய்?

அழுத்தக்காரன்

ஏப்ரல் 8

அன்புள்ளவருக்கு,

கோபப்படுங்கள். ஆனால் நான் தப்பு செய்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முட்டி வீங்கி, கால் தாங்கி, சிமெண்டு படிந்த முகத்தோடு நீங்கள் படியேறி வருவீர்கள். அப்போதும் அந்த ஆள் வாயைத் திறப்பான். அதை அப்படியே எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் டீயும் கொடுக்கச் சொல்கிறீர்களா? ஒரு திட்டுக்கு இரண்டு பேர் ஏன் வலிபட வேண்டும், நான் ஒருத்தி போதாதா என்று நினைத்தேன். ரொட்டிக் கடையில் விலை ஏறவில்லை. பழைய வீட்டுக்காரருக்கு மகனே கிடையாது. மீதியை விடுங்கள்.

நீங்கள் சொன்னதையும்தான் மாற்றியிருக்கிறேன். நாம் மொட்டை என்று சொல்கிற உங்கள் காண்ட்ராக்டரிடம் நீங்கள் சொல்லச் சொன்னதையெல்லாம் சொல்லியிருந்தால் உங்களுக்கு எப்போதோ வேலை போயிருக்கும். அவர் உங்களைத் தங்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வகுப்பை விடாதீர்கள். அந்த ஆள் சொன்னது காதில் விழுந்துவிட்டது என்றால், பதிலும் உங்கள் வாயில் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். இருபத்தைந்தாம் தேதி டிப்போவில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். அந்தப் படியில் இனி இரண்டு பேருமாக இறங்குவோம்.

உங்கள்,
வாயாடி

ஏப்ரல் 17

என் அன்புள்ள வாயாடிக்கு,

கோபமெல்லாம் போய்விட்டது. நீ சொன்ன மறுநாளே கீழ்வீட்டுக்காரருக்குப் பதில் சொன்னேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நின்று, நேராகப் பார்த்து, "இன்னும் இல்லைங்க. உங்க வாசல்ல நான் ஒட்டின டைல்ஸ் நல்லா இருக்கா?" என்று கேட்டேன், ஒரு வார்த்தை பிசகாமல். இப்போதெல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

வகுப்புக்குப் போகிறேன். தையற்காரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் ஒரு கீழ்வீட்டுக்காரர் இருக்கிறாராம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்ததில் டீச்சர் அதட்டிவிட்டாள்.

ஆனால் ஒன்று. இந்தத் தெருவில் நடக்கும்போது இப்போது எனக்கு எல்லாம் கேட்கிறது. நல்லதும் கேட்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. மொட்டை நாளெல்லாம் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத்தான் அது அதட்டலாகத் தெரிந்தது. ஆனால் மற்றதும் கேட்கிறது. பதினைந்து நாளிலேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீ பதினோரு வருடம் இதைத் தனியாக வாங்கிக்கொண்டு, எனக்குப் "படி வழுக்குமாம்" என்று சொல்லியிருக்கிறாய். என் வேலைக்காகத்தானே இந்தத் தெருவில் இருந்தாய்? உன்னை நான் திரும்ப இங்கேயே வரச் சொல்வேனா?

திரும்பிப் போகிறேன் என்று டிப்போவில் சொல்லாதே. அங்கேயே இருக்கிறேன் என்று சொல். அங்கேயும் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள், எனக்குத் தெரியும். அங்கே கேட்பதை ஆளுக்குப் பாதியாகக் கேட்டுக்கொள்வோம்.

உன் ஊரில் ஒரு காண்ட்ராக்டருக்கு நானே போன் செய்தேன். தனக்குத் தெரிந்தவர்தான், தானே பேசுகிறேன் என்றார் மொட்டை. வேண்டாம், நம்பர் மட்டும் கொடுங்கள் என்றேன். முதல் தடவை பயத்தில் வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை அவர் வைத்துவிட்டார். மூன்றாவது தடவை பேசி முடித்தேன். "பேச்சு கொஞ்சம் தடுமாறுதே, வேலை எப்படி?" என்றார். "வேலை தடுமாறாது" என்றேன். மே மாதம் முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரிடமும் காலி செய்கிறோம் என்று நானே சொல்லிவிட்டேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேருவேன். உனக்கு அன்றைக்கு வேலை இருந்தால் லீவு போடாதே. பஸ் நிலையத்துக்கும் என்னைக் கூப்பிட வராதே. வழி கேட்டு வந்துவிடுவேன்.

உன்,
அழுத்தக்காரன்