பார்த்தாலே அழுத்தியதாகிவிடும்

மார்ச் 4, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் நாள். பாதிக் கட்டை முடித்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தம்பி கூரையைப் பார்த்தபடி கிடக்கிறான். கண் அசையவே இல்லை.

மூச்சுதான் போய்விட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்த பிறகுதான் திரை கண்ணில் பட்டது. எழுத்துப் பலகையை மறைத்துக்கொண்டு நடுவில் நீலமாக ஓர் அறிவிப்பு. கணினிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இப்போதே மறுதொடக்கம்’, ‘பிறகு நினைவூட்டு’.

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன், எனக்கே தெளிவாகட்டும். இந்த நரம்பு நோய் அவனுக்கு மிச்சம் வைத்திருப்பது கண்களை மட்டும். திரைக்குக் கீழே இருக்கும் கேமரா அந்தக் கண்களைத் தொடர்கிறது. ஓர் எழுத்தின் மேல் பார்வை கொஞ்சம் தங்கினால் அந்த எழுத்தை அழுத்தியதாகக் கணக்கு. அப்படி எழுத்தெழுத்தாகச் சேர்த்து, இயந்திரக் குரலில் பேசுகிறான். ஆனால் பார்ப்பது வேறு, அழுத்துவது வேறு என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. நான் ஓர் அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்வேன். அவன் படித்தாலே முடிவு செய்ததாகிவிடும்.

அதனால்தான் கூரை. என்னைக் கூப்பிடவும் எழுத்து இல்லை. நான் சாவகாசமாக முடியை அலசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

‘பிறகு’ என்பதை மவுஸால் அழுத்தினேன். பலகை திரும்பி வந்ததும் அவன் சொன்ன முதல் வாக்கியம்: “குளியல் நன்றாக இருந்ததா?”

கேள்விக்குறி போட்டாலும் அந்தக் குரலுக்குக் கேட்கத் தெரியாது. பேச்சுத் தமிழும் வராது, தடுக்கி விழும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ‘யோவ், பிரேக்க மிதிய்யா’ என்று கத்திக்கொண்டிருந்தவன் இப்போது செய்தி வாசிப்பவர்போல் பேசுகிறான்.

மார்ச் 5

மறுபடி வந்தது. மறுபடி ‘பிறகு’.

மார்ச் 7, வெள்ளி

அந்தப் பேசும் மென்பொருளைச் செய்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எண் உபயோகத்தில் இல்லை. அவர்கள் இணையதளமும் இல்லை. மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல்.

மாலையில் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். புதிய பதிப்பு ஏறினால் இந்தப் பழைய மென்பொருள் ஓடலாம், ஓடாமலும் போகலாம். நகல் எடுத்து வைத்துத் திரும்பப் போடலாமே என்று கேட்டேன். போட்டால் அது தன் நிறுவனத்தைக் கூப்பிட்டு அனுமதி கேட்குமாம். எடுத்துப் பேச அங்கே ஆள் ஏது.

வாய்ப்பு எவ்வளவு என்றேன். “ஃபிஃப்டி ஃபிஃப்டிம்மா” என்றார். இரண்டு முடிவு இருந்தாலே ஆளுக்குப் பாதி என்று எழுதுகிற முதலாண்டு மாணவருக்கு நான் சுழியம் போடுவேன். இவருக்கு டீ கொடுத்தேன்.

போன மாதம் ஒருநாள் அவன் சொன்னான்: “இடது காது தலையணையில் மடிந்திருக்கிறது.” அவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொல்ல முடியாமல் போயிருந்தால்? நான் கால், முதுகு, வயிறு என்று கேட்டுக்கொண்டே போயிருப்பேன். காதை யார் நினைப்பார்கள்?

மார்ச் 8

இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். வழியே இல்லை என்றால் எப்படி வரும்? அறிவுள்ளவள் மாதிரி ஒரு காரியம் செய்த திருப்தி. வாரக்கடைசியை நிம்மதியாகக் கழிக்கலாம்.

மார்ச் 9

நிம்மதி அரை நாள்கூட இல்லை. தம்பி பேச மறுத்துவிட்டான். மதியம் சோற்றுக்குழாயைச் சரிசெய்யப் போனபோது எழுதி வைத்திருந்ததை ஒரேயடியாக ஒலிக்க விட்டான்:

“பழைய மாணவர்கள் பதினோரு பேர் எனக்குச் செய்தி அனுப்புவார்கள். நான் வீட்டைவிட்டு வெளியே போகும் ஒரே வழி அது. வண்டியை ஓட்டுவது நான். நீ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டிருக்கிறாய்.”

உனக்காகத்தானே என்றேன். “எனக்காக என்றால் என்னைக் கேட்டிருப்பாய்.”

குழாயைக் கழுவினேன்.

மார்ச் 10

கடைக்காரரிடம் இணைப்பைத் துண்டித்ததைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். “அது போன வாரமே எறங்கியாச்சும்மா. விருந்தாளி உள்ள வந்து கால் நீட்டிப் படுத்தாச்சு, இப்ப வாசக் கதவச் சாத்துறீங்க.”

இணைப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். ஆக, அது உள்ளேதான் இருக்கிறது. அவன் முகத்துக்கு எதிரிலேயே. காத்துக்கொண்டு.

மார்ச் 11

‘பிறகு’ பொத்தானைக் காணோம்.

இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை. ‘இப்போதே’ மட்டும் இருக்கிறது. ஒரு மூலையில் சின்னதாக, மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி. 16ஆம் தேதி தானாகவே மறுதொடக்கம் ஆகுமாம். யாரைக் கேட்டு? ‘உங்கள் வசதிக்காக’ என்று வேறு போட்டிருக்கிறது.

சனிக்கிழமை கடைக்காரர் உடனிருக்கும்போது செய்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டோம் என்ன, நான் சொன்னேன், தம்பி கேட்டுக்கொண்டான்.

ஒருவேளை போய்விட்டால் என்று, எழுத்துகள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை எடுத்துப் பழகினோம். எந்த வரிசை என்று நான் விரலால் காட்டிக்கொண்டே போக வேண்டும். சரி என்றால் அவன் கண்ணை மேலே தூக்குவான். முதலில் மெய், பிறகு அதன் உயிர். ஒரு சொல்லுக்குள் டீ ஆறிவிடுகிறது. ‘எரு’ வரை வந்ததும் எருமையா என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடினால் நிறுத்து என்று பொருள். பிறகு திரைக்குத் திரும்பிச் சொன்னான்: “நான் சொல்லவந்தது எருமைதான். ஆனால் என் வாக்கியத்தை நீ முடிக்காதே.”

அந்தத் தாளை வெறுக்கிறான் என்று தெரிகிறது. நானும்தான்.

மார்ச் 12

கல்லூரியில் வகுப்பு நடுவே அந்த நீலம் நினைவுக்கு வந்து, எழுதிக்கொண்டிருந்த சமன்பாட்டை மறந்தேன். ஒரு பெண் எடுத்துக்கொடுத்தாள். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, அறிவிப்பு வந்தால் அவர் கண்ணைக் கையால் மறைத்துவிடுங்கள் என்றேன். “ஏங்க, மனுசனுக்குக் குதிரை மாதிரி கண்பட்டை கட்டச் சொல்றீங்களா?” என்று கேட்டார். சக்கர நாற்காலியைத் தள்ளும்போதெல்லாம் ‘ரைட், ரைட்’ என்பதால் தம்பி அவருக்கு வைத்த பெயர் கண்டக்டர்.

மார்ச் 13, வியாழன்

செஞ்சுட்டான்.

இரண்டாவது வகுப்பு முடிந்ததும் கண்டக்டர் போன். “அக்கா, ஸ்க்ரீன் நீலமாயிருச்சு. சார்தான் பாத்தாரு.” தெரியாமல் பட்டிருக்கும் என்றேன். “இல்லக்கா. அது வர்றதுக்கு முன்னாடியே என்னைத் தள்ளி நிக்கச் சொன்னாரு. வந்ததும் நேரா பாத்தாரு.”

பேருந்தில் உட்காரவே முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டு வந்தேன். ஏன்டா. சனிக்கிழமைன்னு சொன்னேனேடா. ரெண்டு நாள் பொறுக்க முடியாதா உனக்கு.

வீட்டுக்கு வந்தபோது திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ‘27% முடிந்தது. கணினியை அணைக்க வேண்டாம்.’ எதில் 27? பகுதி எண் இல்லாமல் ஒரு சதவீதம்! அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். 27. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. 27. கண்டக்டர் பேச்சை மாற்ற அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் பற்றி ஏதோ சொன்னார். 27. பிறகு ஒரே தாவலில் 61. அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

‘வணக்கம்’ என்றது. ‘எல்லாம் தயாராகிக்கொண்டிருக்கிறது’ என்றது. புதுப் படம் ஒன்று, ஏதோ ஏரி. மென்பொருளைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு பெட்டி: அனுமதியைப் புதுப்பிக்க நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும்.

கேமராவின் சிவப்பு விளக்கும் எரியவில்லை.

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எதை வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒன்றும் ஆகாது.

மார்ச் 14

கடைக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். கேமராவை உயிர்ப்பித்தார். மென்பொருளை முடியவில்லை. போகும்போது தம்பியிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டார். அவரிடமே சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

மதியம் அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. வலியா? இல்லை. முதுகா? இல்லை. காதை இரண்டு பக்கமும் பார்த்தேன். குழாய், போர்வை, ஊசி போட்ட இடம், எல்லாம் கேட்டேன். தாளை எடுத்தால் அவசரத்தில் வரிசை தப்பித் தப்பிப் போனது. கடைசியில் ‘ஃபேன்’. காற்று நேராகக் கண்ணில் அடித்திருக்கிறது.

அதற்கு அவ்வளவு நேரம். நெஞ்சுவலி என்றால்?

மார்ச் 16, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன். நான் இல்லாத நேரமாகப் பார்த்து ஏன் செய்தாய் என்று. கோபமாகத்தான் கேட்டேன். ரெண்டு நாளாக அவனோடு நான் பேசியதெல்லாம் தேவைக்குத்தான்.

தாளை அவன் முகத்துக்கு எதிரே பிடித்தேன். தாள் கண்ணாடி மாதிரி இருப்பதால் எழுத்துகளுக்கு நடுவே அவன் முகம். திரை வந்த பிறகு இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் அவனைப் பார்த்ததில்லை. காதோரம் நரைத்துவிட்டது.

‘உன்’ வந்தது. ‘மூஞ்சி’ வந்தது.

“சகிக்கலையா?” என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

காத்திருந்தேன். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அவன் திறக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

‘உன் மூஞ்சியப் பாக்க முடியல.’

அதைத்தானேடா நானும் சொன்னேன் என்று வந்த வார்த்தையை விழுங்கினேன். அவன் இன்னும் முடிக்கவில்லை. கண் மேலே போய் மேலே போய் வந்தது. எழுத்து எழுத்தாக, பேச்சுத் தமிழில், அவன் பழைய பாஷையில்:

‘நீ பயந்தே செத்த. போதும்னு பாத்தேன்.’

தாளை மடியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 21

‘உப்பு’ என்று நினைத்துக் குழாய்க் கஞ்சியை மாற்றினேன். அவன் சொல்லவந்தது ‘உப்புசம்’.

ஏப்ரல் 2, புதன்

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் வேறொரு மென்பொருளோடு வந்தார். பழைய கேமராவே இதற்குப் போதுமாம். பலகையில் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. அவன் கண் பழைய இடத்துக்கே போகிறது. ‘தண்ணீர்’ கேட்க நினைத்து ‘தவளை’ கேட்டான். கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவன் வேண்டுமென்றே இன்னொரு முறை தவளை கேட்டான்.

பழக மாதங்கள் ஆகலாம், அவன் உடம்பு அதுவரை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் பயிற்சியாளர். சதவீதம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6

இந்தக் குரல் ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி இருக்கிறது. ஆனால் பேச்சுத் தமிழ் தடுக்காமல் வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுகிறேன்.

ஏப்ரல் 19, சனி

காலையிலிருந்து இணையம் விட்டு விட்டு வருகிறது. புகார் சொல்ல நான் போனை எடுத்தேன். தம்பி தானே பேசுவதாகச் சொன்னான். கண்டக்டர் ஸ்பீக்கரில் போட்டு அவன் மடியில் வைத்தார்.

சேவை மையத்துப் பெண் சின்னக் குரல், அவசரக்காரி. “சார், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

கண்டக்டர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தம்பி எழுதத் தொடங்கினான்.

“ஹலோ? சார்?”

நான் சிவப்புப் பேனாவோடு கதவருகே நின்றிருந்தேன். அவர் எழுதிட்டிருக்கார்ம்மா, ஒரு நிமிஷம் இருங்க. முழு வாக்கியமும் நாக்கு நுனியில்.

“கேக்குதா சார்? லைன்ல இருக்கீங்களா? சத்தமே வரலையே. கட் பண்ணிடவா?”

கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் கண் பலகையில் ஓர் எழுத்தைத் தேடிப் போய், தவறி, திரும்பி வந்தது.

“சார்?”

“இருக்கேன்.”

அந்த ஜலதோஷக் குரல்தான். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். அவன் அடுத்த சொல்லைத் தொடங்கினான்.

என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் மாடிக்குப் போய் மிச்ச விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.